பெற்றோரை வெறுக்கச் சொன்னாரா இயேசு? சிங்கப்பூர்த் தமிழர் கேட்கும் வேதக் கேள்விகள்

“யாதொருவன் என்னிடத்தில் வந்து, தன் தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் சகோதரரையும் சகோதரிகளையும், தன் ஜீவனையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்.” லூக்கா 14:26. பகைவனையும் நேசிக்கச் சொன்னவர் பெற்ற தாயை வெறுக்கச் சொல்வாரா என்று கேட்காத வேத மாணவரை நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூர்த் தமிழர் நடுவில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இந்தியர்களில் ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர். அந்த ஒருவரின் வீட்டில் எல்லாரும் கிறிஸ்தவர்களாக இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அம்மா வெள்ளிக்கிழமை சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவார். மகள் ஞாயிற்றுக்கிழமை ஷார்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள தமிழ் மெதடிஸ்ட் சபைக்குப் போவாள். இருவரும் ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஒரே அடுப்பில் சமைப்பார்கள். மகள் ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாள் என்றதும் சித்தப்பா ஒருவர் கைப்பேசியில் இந்த வசனத்தைக் காட்டி, “பாத்தியா அண்ணி, அவங்க வேதத்துலயே எழுதியிருக்கு” என்பார். அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வது? உரையாசிரியர் விளக்கங்கள் எல்லாம் கடைசியில் அந்த அம்மாவின் முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும்.

வசனத்துக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே பாதி தெளிந்துவிடும். முந்திய வசனம், “அநேக ஜனங்கள் அவரோடேகூடப் பிரயாணமாய்ப் போகையில்” என்று தொடங்குகிறது. எருசலேமுக்குப் போகும் பயணம் அது. லூக்கா 9:51இலேயே ஆரம்பித்துவிட்டது. போகிற இடத்தில் சிலுவை இருப்பது இயேசுவுக்குத் தெரியும். கூட வருகிற கூட்டத்துக்குத் தெரியாது. அற்புதம் பார்க்கவும் அப்பம் சாப்பிடவும் வந்தவர்களும் அதில் உண்டு. அவர்களைத் திரும்பிப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறார். அடுத்த வரிகளில் இரண்டு பேர் வருகிறார்கள். கோபுரம் கட்ட ஆசைப்பட்டு, செலவைக் கணக்குப் பார்க்காமல் அஸ்திவாரத்தோடு நிறுத்திவிட்டு ஊர் சிரிக்க நிற்பவன் ஒருவன். இருபதாயிரம் பேரோடு வருகிறவனைப் பத்தாயிரம் பேரோடு எதிர்க்க முடியுமா என்று உட்கார்ந்து யோசிக்கும் அரசன் இன்னொருவன். ஆக, பேச்சு முழுவதும் விலையைப் பற்றியது. என்னோடு வந்தால் என்ன போகும் என்று தெரிந்து வா என்கிறார்.

பட்டியலின் கடைசிப் பெயரையும் கவனிக்க வேண்டும். “தன் ஜீவனையும்” என்று முடிகிறது. அதை வைத்து யாரும் தன்னைத்தானே வெறுத்துக்கொள்ளச் சொன்னார் என்று போதிப்பதில்லை. உயிரையும் இரண்டாவதாக வைக்கச் சொன்னார் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். அதே வாக்கியத்தில் உள்ள தாய் தகப்பனுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? மத்தேயு இதே போதனையை எழுதும்போது ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை: “தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல” (10:37).

பெற்றோரைப் பற்றி இயேசு வேறு எங்கே பேசினார் என்று தேடினால் மாற்கு 7ஆம் அதிகாரம் அகப்படும். தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை என்று சொல்லிவிட்டால், பிறகு பெற்றோருக்கு எதுவும் தர வேண்டியதில்லை என்று ஒரு வழக்கம் அன்று இருந்தது. பக்தியின் பெயரால் பெற்றோரைக் கைவிடும் அந்த ஏற்பாட்டை அவர் எல்லார் முன்னாலும் சாடினார். உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். 60 வயதைத் தாண்டி, தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு முறையிட வழி செய்யும் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் சிங்கப்பூரில் நிறைவேறியது. கொர்பான் வழக்கத்தை எதிர்த்தவர் இந்தச் சட்டத்தின் பக்கம்தான் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிலுவையில் தொங்கும்போதும் தாயை யார் வீட்டில் விடுவது என்று பார்த்து ஏற்பாடு செய்தவர் அவர் (யோவான் 19:26, 27). தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 அடித்துச் சொல்கிறது.

ஞானஸ்நானத்தால் வீடு கொந்தளிக்கும்போது, எடுத்த முடிவில் நிற்க இந்த வசனம் துணை செய்யும். மாதாமாதம் அம்மா கையில் கொடுக்கும் பணத்தை நிறுத்தவோ, தீபாவளியன்று வீட்டுப்பக்கம் போகாமல் இருக்கவோ, தகப்பன் கும்பிடும் சாமியை அவர் முன்னால் இகழவோ இதில் அனுமதி கிடையாது. அந்த விலையை ஏற்கச் சொன்னது சீஷனிடம். அதைப் பெற்றோர் தலையில் கட்டுகிறவர் வசனத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

இதைவிடக் கடினமானது மத்தேயு 8:22. தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்று கேட்டவரிடம், “மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்” என்கிறார். யூதர் வழக்கப்படி இறந்த அன்றே அடக்கம் நடக்கும். தகப்பன் அன்று இறந்திருந்தால் மகன் வழியில் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டார். தகப்பன் காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பதே அவர் கேட்டது என்பது ஒரு விளக்கம். குகைக் கல்லறையில் வைத்த உடல் மக்கிய பிறகு, ஓராண்டு கழித்து எலும்புகளை எடுத்துக் கற்பெட்டியில் வைக்கும் இரண்டாம் அடக்கம் முதல் நூற்றாண்டு எருசலேமில் வழக்கத்தில் இருந்தது. மகன் அதற்குக் காத்திருந்தார் என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான ஊகங்கள். இரண்டில் எதை எடுத்தாலும் வசனத்தின் கூர்மை முழுவதும் மழுங்காது. மழுங்கடிக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் மகனுக்கு இதைவிடப் பெரிய கடமை கிடையாது. அந்தப் பெரிய கடமையையும் விட அவசரமானது ஒன்று வந்துவிட்டது என்று சொல்லவே இப்படிப் பேசினார்.

ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு மண்டாய்த் தகனச்சாலைக்குப் போகக் கூடாது. இந்துத் தகப்பன் இறந்து, வீவக கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடாரம் போட்டு, உறவெல்லாம் கூடியிருக்கும்போது, கிறிஸ்தவனான மூத்த மகன் கொள்ளி வைப்பதா வேண்டாமா என்ற கேள்வி இங்கே கற்பனைக் கேள்வி அல்ல. போதகர்களிடம் ஒரே பதில் கிடைக்காது. சடங்கில் மனச்சாட்சி தடுத்தால் தம்பியோ பங்காளியோ அதைச் செய்யட்டும். ஆனால் பாடைக்குத் தோள் கொடுப்பதும், செலவை ஏற்பதும், பதினாறாம் நாள்வரை அம்மா பக்கத்தில் இருப்பதும் மகனுடைய வேலை. நான் நியாயம் என்று நினைப்பது இது. சடங்குக்கு ஒப்பமாட்டேன் என்பதை இரண்டு நாள் முன்னரே, முடிந்தால் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பேசி வைப்பது நல்லது. சவம் கிடக்கும் இடத்தில் வாக்குவாதம் செய்வதைப் போல அந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய கொடுமை வேறில்லை.

இந்த நிலையில் உள்ளவர்களுக்கு நான் காட்ட விரும்பும் பகுதி 2 இராஜாக்கள் 5:18, 19. நாகமான் சீரிய நாட்டுப் படைத்தலைவர். குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட பிறகு தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒன்று கேட்கிறார்: என் ராஜா ரிம்மோன் கோயிலுக்குப் போய் என் கையில் சாய்ந்து பணிந்துகொள்ளும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அந்த ஒரு காரியத்தைக் கர்த்தர் மன்னிப்பாரா? விக்கிரகத்தை எதிர்த்துப் பேசுவதில் எலியாவின் வழிவந்த தீர்க்கதரிசி என்ன சொல்லியிருக்க வேண்டும்? “சமாதானத்தோடே போ” என்றார், அவ்வளவுதான். செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. இதை ஒரு சட்டமாக்க முடியாது. ஆனால் இரண்டு விசுவாசங்களுக்கு நடுவே கடமையோடு நிற்பவனிடம் தீர்க்கதரிசி எவ்வளவு மெதுவாகப் பேசினார் என்பதைப் பார்க்கலாம்.

அடுத்தது சாப்பாடு. அநேகமாக ஒவ்வொரு ஆண்டும் தீபாவளிக்கு முந்திய வாரம் வேதபாட வகுப்புகளில் எழும் கேள்வி இது: இந்துப் பக்கத்து வீட்டார் கொடுக்கும் பலகாரத்தைச் சாப்பிடலாமா? வீவக கட்டடங்களில் எல்லா இனத்தாரும் கலந்து குடியிருக்கச் செய்யும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரே தளத்தில் நாலு சமயம். ஏழாம் மாதத்தில் சீனர் வீட்டு வாசலில் படையல். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல். தீபாவளியில் டப்பா டப்பாவாக முறுக்கு.

அப்போஸ்தலன் பவுல், கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதிய 1 கொரிந்தியர் கடிதத்தில் இதைப் பற்றி மூன்று அதிகாரம் எழுதியிருக்கிறார். ஊரைத் தெரிந்துகொண்டால் கடிதம் விளங்கும். கி.மு. 146இல் ரோமர் அழித்த கொரிந்துவை கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி குடியேற்றினார். கிரேக்கர், ரோமர், யூதர் எல்லாரும் வந்து தொழில் செய்த துறைமுகப் பட்டணம். அந்த ஊர்க் கோயில்களில் விருந்து அறைகள் இருந்தன. வைத்தியக் கடவுளான அஸ்க்லேப்பியஸ் கோயிலைத் தோண்டியபோது ஒவ்வொன்றிலும் பதினொரு சாய்விருக்கை போடும்படி மூன்று அறைகள் கிடைத்தன. பிறந்தநாள், நோய் தீர்ந்த நன்றி, தொழில் சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அங்கே அழைப்பு வரும். பலியிட்ட இறைச்சியில் மிஞ்சியது சந்தைக்கும் போகும். வாங்குகிறவருக்கு எது பலி இறைச்சி, எது சாதாரண இறைச்சி என்று தெரியாது. ஏழைகளுக்கோ திருவிழா நாள் தவிர இறைச்சியே கிடைக்காது. அவர்கள் நாவில் இறைச்சி என்றாலே கோயில்தான். வசதியுள்ள விசுவாசிகள், விக்கிரகம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு கோயில் விருந்தில் போய் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்த ஏழை விசுவாசி தடுமாறினான்.

பவுலின் பதில் ஒரே வரியில் அடங்காது, ஏனென்றால் அவர் மூன்று இடங்களைப் பிரித்துப் பார்க்கிறார். கோயிலுக்குள் வழிபாட்டோடு சேர்ந்த பந்தியில் உட்காராதே. சந்தையில் வாங்குவதைப் பற்றி, “கடையிலே விற்கப்படுகிற எதையும் வாங்கிப் புசியுங்கள், மனச்சாட்சியினிமித்தம் நீங்கள் ஒன்றையும் விசாரிக்கவேண்டியதில்லை” (10:25). அவிசுவாசி ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் போ, வைத்ததைச் சாப்பிடு, கேள்வி கேட்காதே. இது படைத்தது என்று யாராவது எடுத்துச் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகத் தவிர்த்துவிடு. எல்லாவற்றுக்கும் அடியில் 8:8 இருக்கிறது: போஜனம் நம்மை தேவனுக்கு உகந்தவர்களாக்காது. அதன் கூடவே 8:13 இருக்கிறது: நான் சாப்பிடுவது என் சகோதரனை இடறச்செய்யுமானால் நான் என்றைக்கும் இறைச்சி தொடமாட்டேன்.

அந்த மூன்று இடங்களையும் நம் தளத்தில் வைத்துப் பார்த்தால், எதிர் வீட்டு அக்கா கதவைத் தட்டி, “இந்தாங்க, இந்த வருசம் அச்சுமுறுக்கு நல்லா வந்திருக்கு, பிள்ளைங்களுக்குக் குடுங்க” என்று நீட்டுவது எந்த வகை? அது விருந்தோம்பல். இரண்டு நாள் அடுப்படியில் நின்று சுட்டதில் ஒரு பங்கு. வாங்கிச் சாப்பிடலாம், டிசம்பரில் அதே டப்பாவில் கேக் வைத்துத் திருப்பிக் கொடுக்கலாம். வாங்கிக் குப்பையில் போடுவது இரண்டு மடங்கு தவறு. உணவும் வீண், அன்பும் பொய். கோயிலிலிருந்து கொண்டுவந்த பிரசாதம் என்று சொல்லியே கொடுத்தால் அது, படைத்தது என்று எடுத்துச் சொன்னால் தவிர்த்துவிடு என்று பவுல் சொன்ன நிலைமை. அங்கே, “அக்கா, நாங்க பிரசாதம் எடுத்துக்கறதில்ல, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று இரு கையும் குவித்துச் சொன்னால் போதும். இந்த ஊரில் பல தலைமுறையாக ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு அது புரியும். ஆனால் பவுல் 10ஆம் அதிகாரத்தில் கோயில் பந்தியைப் பற்றிச் சொன்ன கடுமையான சொற்களை எடுத்து அந்த அக்காவின் முகத்துக்கு நேரே வாசிப்பது பாவம் என்றே நினைக்கிறேன். அவர் அதை எழுதியது சபைக்குள் இருந்தவர்களுக்கு, அவர்களுடைய இரட்டை நடையைக் கண்டித்து.

அப்போஸ்தலர் 15:29 விக்கிரகங்களுக்குப் படைத்ததை விலக்கச் சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார வழி செய்த எருசலேம் தீர்மானம் அது. அதிலும் மையம் கூட உட்காருகிறவரின் மனச்சாட்சிதான். இதை எல்லா நாளுக்கும் உரிய கட்டளையாக எடுத்து எதையும் தொடாத சபைகளும் இங்கே உண்டு. அவர்களோடு இருக்கும்போது நானும் தொடமாட்டேன். ரோமர் 14 கேட்பது அதைத்தான்.

இதே கொரிந்து கடிதத்தில்தான், “சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்” (14:34) என்ற வசனமும் இருக்கிறது. மூன்று அதிகாரம் முன்னால், 11:5இல், பெண்கள் சபையில் ஜெபம் பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் நடக்கிற காரியமாகவே எடுத்துக்கொண்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். அப்படியானால் 14இல் அடக்கப்படுவது எல்லாப் பேச்சும் அல்ல. அடுத்த வசனம், அறிய விரும்பினால் வீட்டில் புருஷரிடம் விசாரிக்கட்டும் என்கிறது; கூட்டத்தின் நடுவே எழும் கேள்விகளைப் பற்றிய பேச்சாக அது தெரிகிறது. அந்த அதிகாரத்திலேயே, அர்த்தம் சொல்ல ஆள் இல்லாதபோது அந்நியபாஷை பேசுகிறவனும், இன்னொருவனுக்கு வெளிப்பாடு வரும்போது முதலில் பேசியவனும் வாயை மூட வேண்டும். சில பழைய கையெழுத்துப் படிகளில் இந்த இரண்டு வசனங்கள் அதிகாரத்தின் கடைசியில் வருவதால், பின்னால் சேர்ந்தவையோ என்று ஐயப்படும் அறிஞர்களும் உண்டு. பவுலோ ரோமருக்கு எழுதிய கடிதத்தில், கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவின் சபை ஊழியக்காரி பெபேயாளை மரியாதையோடு அறிமுகப்படுத்துகிறார் (16:1). சபைகள் இன்றும் ஒன்றுபடவில்லை. மெதடிஸ்ட் சபை பெண்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்கிறது, கத்தோலிக்கத் திருச்சபை செய்வதில்லை. சிங்கப்பூரில் 1887இல் ஷார்ட் ஸ்ட்ரீட் கடைவீடு ஒன்றில் ஒன்பது இந்தியச் சிறுமிகளோடு சோபியா பிளாக்மோர் என்ற மிஷனரி பள்ளி தொடங்கியதையும் நினைக்கிறேன். அதுவே இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. அந்தச் சிறுமிகளுக்கு வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது ஒரு பெண்.

மன்னிப்பில்லாத பாவம் பற்றிய கேள்வியைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஒருவர் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், “பிரதர், பரிசுத்த ஆவிக்கு விரோதமா நான் மனசுல ஒண்ணு நெனச்சுட்டேன், இனி எனக்கு மன்னிப்பு இல்லையா?” என்பார். இதற்குப் பதில் மாற்கு 3லேயே இருக்கிறது. எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர், நோயாளிகள் குணமாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இது பெயெல்செபூலின் வேலை என்றார்கள். நன்மையை நன்மை என்று தெரிந்தே பிசாசின் செயல் என்று முத்திரை குத்திய பிடிவாதம் அது. அவர்கள் இப்படிச் சொன்னதால்தான், பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பு இல்லை என்று இயேசு சொன்னார் என 30ஆம் வசனத்தில் மாற்கு காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். மனத்தில் தானாக வந்து மோதும் ஓர் எண்ணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மூன்று தரம் மறுதலித்த பேதுருவுக்கு மன்னிப்புக் கிடைத்தது. தன்னைத் தேவதூஷணம் செய்தவன் என்று சொல்லிக்கொண்ட பவுலுக்கும் கிடைத்தது (1 தீமோத்தேயு 1:13). மன்னிப்பு கிடைக்குமா என்று ஏங்குகிற மனம், அந்த வேதபாரகரின் மனத்துக்கு நேர் எதிரானது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பயம் விலகாமல், ஒரே எண்ணம் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து, தூக்கமும் வேலையும் கெட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். எண்ணச் சுழற்சி நோய் (OCD) இப்படிப் பக்தி வேடத்தில் வருவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பலதுறை மருந்தகத்தில் ஆரம்பிக்கலாம். ஜெபிப்பதற்கு அது தடையில்லை.

சில கேள்விகளுக்கு நீண்ட பதில் வேண்டாம். காலமல்லாத காலத்தில் பழம் இல்லை என்று இயேசு அத்திமரத்தைச் சபித்தது நியாயமா? மாற்கு 11இல் மரத்தின் கதையை இரண்டாக வெட்டி நடுவில் தேவாலயத்தைச் சுத்தம் செய்ததை வைத்திருக்கிறார். இலை நிறைய, கனி இல்லை. மரம் தேவாலயத்துக்கு அடையாளம். எரேமியா 8:13 படித்திருந்த யூதருக்கு இது உடனே விளங்கியிருக்கும். யூதாஸ் நாண்டுகொண்டு செத்தானா (மத்தேயு 27:5), விழுந்து வயிறு வெடித்துச் செத்தானா (அப்போஸ்தலர் 1:18)? இரண்டையும் ஒட்டவைக்கும் விளக்கங்கள் பழங்காலம் முதல் உண்டு. இரண்டு தனித்தனி நினைவுகள் என்று விட்டுவிடுவதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. துரோகத்தின் பணம், இரத்த நிலம் என்ற பெயர், கோரமான முடிவு ஆகிய மூன்றிலும் இரண்டும் ஒத்துப்போகின்றன. மாற்கு 16:18இன் பாம்பு பிடிக்கும் வசனமோ, 4ஆம் நூற்றாண்டின் சினாய்க் கையெழுத்துப் படியிலும் வத்திக்கான் கையெழுத்துப் படியிலும் இல்லாத பகுதியில் வருகிறது. அதை வைத்து யாரும் விஷப்பரீட்சை செய்ய வேண்டாம்.

சங்கீதம் 137ஐ அப்படித் தாண்டிப் போக முடியாது. “பாபிலோன் ஆறுகள் அருகே” என்று அழகாகத் தொடங்கி, பாபிலோன் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடிகிறது. சபைகளில் ஆறாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கி.மு. 586இல் எருசலேம் எரிந்தது. பாடியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதே கதி நேர்ந்ததைப் பார்த்தவர்கள். கட்டளையாக யாரும் இதைச் சொல்லவில்லை, கடவுளும் இதைப் பேசவில்லை. இழந்தவன் கடவுளிடம் கொட்டிய ஆத்திரம். மதுரையை எரித்த கண்ணகியை ஏற்றுக்கொண்ட தமிழ் மனத்துக்கு இந்தக் கோபம் அந்நியம் அல்ல. ஒப்பாரியில் சாபமும் வரும் என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும்.

ஆனால் இஸ்ரவேலருக்கு முன்னால் கானான் தேசத்தில் வாழ்ந்த கானானியரை அழிக்கச் சொன்னது கட்டளை. உபாகமம் 20:16 சுவாசமுள்ள ஒன்றையும் உயிரோடே வைக்காதே என்கிறது. யோசுவா 6:21இல் எரிகோவில் ஆண், பெண், வாலிபர், கிழவர் எல்லாரும் மடிகிறார்கள். தேசிய சேவை முடித்த இளையர்கள், பல்கலைக்கழக மாணவர்கள் என்று இந்தத் தலைமுறை தமிழ்க் கிறிஸ்தவர்கள் மிகக் கடுமையாகக் கேட்பது இதைத்தான். அவர்கள் கேட்பது சரி.

சொல்லக்கூடியவை சில உண்டு. அந்தக் காலத்துப் போர்க் கல்வெட்டுகள் பேசும் மொழி அது. இஸ்ரவேலின் வித்தே இல்லாமல் போயிற்று என்று கி.மு. 1208 அளவில் எகிப்து அரசன் மெர்னெப்தா கல்லில் வெட்டி வைத்தான்; இஸ்ரவேல் இன்றும் பேசப்படுகிறது. 1868இல் ஜோர்தானில் கண்டெடுத்த மோவாபிய அரசன் மேசாவின் கல்வெட்டும், இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்கிறது. நேபோ நகரில் ஏழாயிரம் பேரைத் தன் தெய்வத்துக்கு நேர்ந்து கொன்றதாகப் பெருமை பேசுகிறது. யோசுவா புத்தகமும் அந்த மொழியில் எழுதப்பட்டது என்பதற்கு அதற்குள்ளேயே சான்று கிடைக்கிறது. 10:39இல் தெபீரில் ஒருவரும் மீதியில்லை. 15ஆம் அதிகாரத்தில் அதே தெபீரை ஒத்னியேல் மறுபடி பிடிக்க வேண்டியிருக்கிறது. நியாயாதிபதிகள் முதல் அதிகாரம் முழுக்கத் துரத்தப்படாத கானானியரின் பட்டியல். 1952 முதல் 1958 வரை எரிகோவைத் தோண்டிய கேத்லீன் கென்யன், அந்த நகரத்தின் பெரிய அழிவைக் கி.மு. 1550 அளவில் வைத்தார்; இஸ்ரவேலரைக் கானானுக்குள் நடத்திய யோசுவாவுக்குப் பலர் கணிக்கும் காலத்துக்கு அது வெகு முன்னால்.

இவை எல்லாம் எண்ணிக்கையைக் குறைக்கும். கட்டளை வேதத்தில் இருக்கிறது என்பதை மாற்றாது. கானானியரின் பாவம் பெரிது, ஆகவே தண்டனை என்ற பதில் வேதத்திலேயே உள்ள பதில் (உபாகமம் 9:5). கைக்குழந்தைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பதில் இருப்பதுபோல் மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும் இளையர்கள் சபையைவிட்டுப் போகிறார்கள். சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கேட்ட சீஷரை இயேசு அதட்டினார் (லூக்கா 9:54, 55). கிறிஸ்தவர் யோசுவாவை அந்த அதட்டலுக்குப் பிறகுதான் வாசிக்கிறோம். சிங்கப்பூரில் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் வந்தது. பிற சமயத்தாரைக் கானானியர் என்று பெயரிட்டு ஜெபிப்பதைத் தடுக்க நமக்குச் சட்டம் தேவைப்படக் கூடாது. அந்த அழிந்த எரிகோவின் ராகாப் இயேசுவின் வம்ச அட்டவணையில் இருக்கிறாள் (மத்தேயு 1:5). அவளுக்குப் பக்கத்துப் பெயர் மோவாபியப் பெண் ரூத்.

இளையர் வகுப்பில் எரிகோவைப் படிப்பவர்கள் ஆறாம் அதிகாரத்தில் தொடங்காமல் ஐந்தின் கடைசி மூன்று வசனங்களில் தொடங்கலாம். போருக்கு முன்னால் உருவின பட்டயத்தோடு ஒருவர் எதிரே நிற்கிறார். “நீ எங்களைச் சேர்ந்தவனோ, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவனோ” என்று யோசுவா கேட்கிறான். “அல்ல, நான் கர்த்தருடைய சேனையின் அதிபதியாய் இப்பொழுது வந்தேன்” என்று பதில் வருகிறது. உன் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. யோசுவா முகங்குப்புற விழுகிறான். இந்த மூன்று வசனங்களை எழுதியவர் ஏன் எரிகோவுக்கு முன்னால் வைத்தார் என்று வகுப்பில் கேளுங்கள். நேரம் எடுத்துப் பேச விடுங்கள்.